வாயுத் தொல்லைக்குக் கரி மாத்திரை: தைராய்டு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

மயிலை_வைதேகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மாமியாருக்கு 68 வயது ஆகிறது. பதினோரு ஆண்டுகளாகத் தைராய்டு குறைபாட்டுக்காகக் காலையில் வெறும் வயிற்றில் 75 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இத்தனை ஆண்டுகளில் அவருடைய டிஎஸ்எச் அளவு (உடலில் தைராய்டு சுரப்பு குறையும்போது இரத்தத்தில் ஏறும் ஓர் இயக்குநீர்) ஒரு முறைகூடப் பெரிதாக ஏறியதில்லை. சென்ற நவராத்திரியில் ஒன்பது நாளும் வீடு வீடாகச் சுண்டல் சாப்பிட்டதில் அவருக்கு வயிற்று உப்புசமும் ஏப்பமும் தொடங்கின. கொலுவைக் கலைத்த பிறகும் அவை கலையவில்லை.

அப்போது உறவினர் ஒருவர், தான் சாப்பிட்டுப் பயனடைந்ததாகச் சொல்லி, ஆக்டிவேட்டட் சார்கோல் காப்ஸ்யூல் குப்பி ஒன்றை இணையத்தில் வாங்கி அனுப்பினார். ஒவ்வொன்றிலும் 250 மில்லிகிராம் கரி. மருந்துச் சீட்டு எதுவும் கேட்கப்படவில்லை. ‘தேங்காய்ச் சிரட்டையிலிருந்து எடுக்கப்பட்டது, முற்றிலும் இயற்கையானது, உடலின் நச்சுகளை நீக்கும்’ என்று குப்பியின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். மாமியார் காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரையோடு இரண்டும், இரவு உணவுக்குப் பின் இரண்டுமாக மூன்று மாதங்கள் சாப்பிட்டிருக்கிறார்.

சென்ற வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையில், முன்பு 3.1 ஆக இருந்த டிஎஸ்எச் 14.6 என்று வந்தது. மருத்துவர் மாத்திரையை 100 மைக்ரோகிராமாக உயர்த்திவிட்டார். வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டபோது இல்லை என்றுதான் சொன்னோம், ஏனென்றால் கரியை மருந்தென்றே நாங்கள் எண்ணவில்லை. நேற்றிரவு அந்தக் குப்பியைக் கையில் எடுத்தபோதுதான், நச்சை ஈர்க்கும் பொருள் மருந்தை மட்டும் விட்டுவைக்குமா என்ற ஐயம் எழுந்தது. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

அடையாறு_மருந்தாளுநர் எழுதியது:

சகோதரி, நீங்கள் கேட்ட கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. கரிக்கு நல்லது கெட்டது தெரியாது. குடலில் தன் பக்கத்தில் எது வருகிறதோ, அது தன் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையதாக இருந்தால், அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். தைராக்சின் அப்படிப் பிடிபடக்கூடிய மருந்து. அதிலும் அது மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கப்படுவது. 500 மில்லிகிராம் கரிக்கு முன்னால் 75 மைக்ரோகிராம் என்பது ஒரு துளி. இரண்டையும் ஒரே மிடறு தண்ணீரில் விழுங்கினால் மாத்திரையில் ஒரு பகுதி இரத்தத்தை எட்டாமலேயே போவதில் வியப்பில்லை.

பொதுவான விதி, வேறு எந்த மருந்துக்கும் கரிக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும் என்பது. தைராய்டு மாத்திரை போன்ற, அளவு சற்று மாறினாலும் விளைவு மாறிவிடும் மருந்துகளுக்கு நான்கு மணி நேரம் விடச் சொல்வது என் வழக்கம். வலிப்பு நோய்க்கான கார்பமசெபைன், பினோபார்பிட்டால், இதயத்துக்கான டிகாக்சின், ஆஸ்துமாவுக்கான தியோபிலின் ஆகியவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு இடைவெளி விட்டாலும் போதாது. இவற்றுள் சில, இரத்தத்தில் சேர்ந்த பிறகும் குடலுக்குள் திரும்பக் கசிந்து வருபவை. அப்படி வரும்போது கரி அங்கே காத்திருந்து பிடித்துக்கொள்ளும். எனவே அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கரியைத் தொடவே கூடாது.

நம் நாட்டுச் சட்டத்தில் ‘சீட்டு இல்லாமல் விற்கலாம்’ என்று தனியாக வரையறுக்கப்பட்ட மருந்து வகை கிடையாது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் எச், எச்1, எக்ஸ் என்னும் அட்டவணைகளில் சேராதவற்றைச் சீட்டின்றிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். அட்டவணையில் இல்லை என்பதைத் தீங்கில்லை என்று மக்கள் புரிந்துகொள்கிறார்கள். கல்லாவில் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், ‘வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சலித்துக்கொள்கிறார்கள்.

இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மருத்துவர் அளவை 100 ஆக உயர்த்தியது கரியைப் பற்றி அறியாமல். நீங்கள் இன்று கரியை நிறுத்திவிட்டு 100 மைக்ரோகிராமைத் தொடர்ந்தால், முன்பு தடைப்பட்ட மருந்து முழுவதும் உடலில் சேரும். 68 வயதில் தைராக்சின் மிகுந்தால் படபடப்பும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் வரலாம். நாட்பட்டால் எலும்பும் தேயும். ஆகவே நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நாளையே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கரியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். கூடவே ஒரு கேள்வி: அம்மா கால்சியம் அல்லது இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா, தைராய்டு மாத்திரைக்குப் பின் எவ்வளவு நேரம் கழித்துக் காப்பி குடிக்கிறார்?

பெரம்பூர்_பெரியவர் எழுதியது:

கரியைக் கண்டு இவ்வளவு அஞ்ச வேண்டுமா என்று தோன்றுகிறது. எனக்கு 74 வயது. சிறுவயதில் நாங்கள் அனைவரும் உமிக்கரியும் உப்பும் சேர்த்துத்தான் பல் துலக்கினோம். அதில் பாதி வயிற்றுக்குள்தான் போனது. எவருக்கும் எதுவும் ஆகவில்லை. இப்போது அதே கரியைக் குப்பியில் அடைத்து ஆயிரம் ரூபாய்க்கு விற்பவனையும் நம்புகிறோம், அதே கரியை ஆபத்து என்று சொல்பவரையும் நம்புகிறோம். மாமியாரின் டிஎஸ்எச் ஏறியதற்கு வயதும் காரணமாக இருக்கலாம் அல்லவா? அடுப்பங்கரையில் கிடைக்கும் பொருளுக்கு மருந்து மரியாதை கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அம்பத்தூர்_வேதியியலாளர் எழுதியது:

ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் காங்கேயத்துக்காரன்; சிரட்டைக் கரி ஆலை ஒன்றில் ஆறு ஆண்டுகள் பணியாற்றிய பின் சென்னைக்கு வந்தவன். நீங்கள் ‘அதே கரி’ என்று சொல்வது மட்டும் சரியன்று.

சிரட்டையைக் காற்றுப் போதாமல் எரித்தால் கிடைப்பது சாதாரணக் கரி. இஸ்திரி வண்டியில் இருப்பதும் நீங்கள் சொல்லும் உமிக்கரியும் அந்த வகையைச் சேர்ந்தவை. அதை மீண்டும் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் நீராவி செலுத்திச் சுட்டால், நீராவி கரியின் உட்பகுதியை அரித்துக் கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்குகிறது. உலையிலிருந்து வரும்போது அதைக் கையில் எடுத்தால் போன கனத்தில் பாதிகூட இருக்காது. ஆனால் ஒரு கிராம் தூளின் உட்பரப்பு மொத்தத்தையும் விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு சிட்டிகைத் தூளுக்குள் நாலரை கிரவுண்டு நிலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. உமிக்கரிக்கு அந்த நிலம் கிடையாது. அதனால்தான் அது உங்கள் மருந்தைப் பிடிக்கவும் இல்லை, நஞ்சைப் பிடிக்கவும் இல்லை.

இதைப் பள்ளிப் பாடத்தில் பரப்புக் கவர்தல் என்று படித்திருப்போம். பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல உள்ளுக்குள் உறிஞ்சுவதன்று இது. சுவரில் சுவரொட்டி ஒட்டுவதுபோலப் பரப்பின்மேல் ஒட்டிக்கொள்வது. சுவர் நிரம்பிவிட்டால் அடுத்ததற்கு இடமில்லை.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியில் இருக்கும் கரியையும் மீன் தொட்டிக்கு விற்கும் கரியையும் பொடி செய்து சாப்பிடலாமா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. கூடாது. மருந்துத் தரக் கரியில் சாம்பல், கன உலோகங்கள், அமிலத்தில் கரையும் பொருள்கள் ஆகியவற்றுக்கு வரம்பு வைத்துச் சோதிக்கிறார்கள். மீனுக்கும் குழாய்க்கும் போகும் கரிக்கு அந்தச் சோதனை கிடையாது.

வேளச்சேரி_அம்மா எழுதியது:

இழை சற்றுத் திசை மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். எதைக் கண்டாலும் வாயில் போடுகிறான். அவனுடைய பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரைகள் கட்டிலுக்கு அருகிலேயே இருக்கின்றன. ஒருவேளை எதையேனும் விழுங்கிவிட்டால் உடனே கொடுப்பதற்கு இந்தக் கரி மாத்திரையை வீட்டில் வாங்கி வைத்திருக்கலாமா? வெளிநாட்டில் இருக்கும் என் அக்கா அங்கே பலர் வைத்திருப்பதாகச் சொல்கிறாள்.

ஓய்வுபெற்ற_செவிலி எழுதியது:

அம்மா, வேண்டாம். முப்பத்தொரு ஆண்டுகள் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்தவள் நான். கரியைக் கையால் கரைத்துக் கொடுத்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். நஞ்சுக்குக் கொடுக்கும்போது குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் கரி என்பது அளவு. பெரியவர்களுக்கு 50 கிராம் அல்லது அதற்கு மேல். உங்கள் பையன் 12 கிலோ இருப்பான் என்று வைத்துக்கொள்வோம். 12 கிராம் கரி வேண்டும். கால் கிராம் காப்ஸ்யூலாக இருந்தால் 48 வேண்டும். கடைகளில் கிடைக்கும் கறுப்பு நிறச் செரிமான மாத்திரையாக இருந்தால், அதில் 75 மில்லிகிராம்தான் கரி, ஆகவே 160 வேண்டும்; அதோடு அதிலுள்ள மற்ற நொதிகளும் சேர்ந்து உள்ளே போகும். நாங்கள் மருத்துவமனையில் மாத்திரையைத் தொடுவதில்லை. தூளைத் தண்ணீரில் கூழாகக் கரைத்துக் கொடுப்போம். நிறத்தைக் கண்டதும் குழந்தை வாயை இறுக்கிக்கொள்ளும் என்பதால், மூடியுள்ள குவளையில் ஊற்றி உறிஞ்சுகுழாய் வைத்துக் கொடுப்போம். அப்படியும் பாதி என் சீருடையிலும் சுவரிலும்தான் இருக்கும். சுண்ணாம்பு அடித்த சுவரில் அந்தப் புள்ளிகள் அடுத்த வெள்ளையடிப்பு வரை போகாது.

இரண்டாவது, கரி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் நஞ்சைவிடக் கொடியதாகிவிடும். மயக்கமாகவோ அரைத் தூக்கமாகவோ இருப்பவருக்கும் வலிப்பு வரக்கூடியவருக்கும் வாய்வழி எதையும் ஊற்றக் கூடாது. விழுங்கியபோது தெளிவாக இருக்கும் குழந்தை கால் மணி நேரத்தில் சோர்ந்துவிடலாம். பூசை அறையில் இருக்கும் சூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தின்ற குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். அந்நேரம் வயிறு நிறையக் கரிக்கூழ் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, நம் வீடுகளில் குழந்தைகள் விழுங்குபவற்றுள் பலவற்றைக் கரி பிடிப்பதே இல்லை. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை மிட்டாய்போல இருக்கும். ஒரு கைப்பிடி தின்றால் உயிருக்கே ஆபத்து. ஆனால் கரி இரும்பைப் பிடிக்காது. லித்தியம், பொட்டாசியம், சாராயம், மெத்தனால் ஆகியவற்றையும் பிடிக்காது. கழிவறை கழுவும் அமிலத்தையோ காரத்தையோ குடித்திருந்தால் கரியால் பயனில்லை என்பதோடு, உணவுக்குழாயில் எந்த இடம் வெந்திருக்கிறது என்று உள்நோக்கிக் கருவியில் பார்க்கும் மருத்துவரின் கண்ணையும் கரி மறைத்துவிடும். தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைக் குடித்த குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கரியும் கூடாது, வாந்தியும் எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் மேலே வரும்போது நுரையீரலுக்குள் போவதுதான் அங்கே பெரிய ஆபத்து.

மருத்துவர்களே இப்போது கரியை எல்லாருக்கும் கொடுப்பதில்லை. அமெரிக்க, ஐரோப்பிய நச்சியல் அமைப்புகள் இணைந்து 1997இலும் 2005இலும் வெளியிட்ட அறிக்கைகள், வழக்கமாகக் கொடுக்க வேண்டியதில்லை என்றும், கரி பிடிக்கக்கூடிய நஞ்சை விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்குக் கொடுப்பதைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம் என்றும் சொல்கின்றன. இலங்கையில் 4632 நோயாளிகளை வைத்து நடத்தி 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், பெரும்பாலும் பூச்சிக்கொல்லியாலும் அரளி விதையாலும் பாதிக்கப்பட்டிருந்த அவர்களுள், கரி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அதற்காகக் கரி பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். உரிய நஞ்சுக்கு உரிய நேரத்தில் கொடுத்துக் காப்பாற்றியதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த முடிவை எடுக்கும் இடம் வீடு அன்று என்பதுதான் என் பேச்சு.

பையன் எதையேனும் விழுங்கிவிட்டால் வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்து எடுத்துவிட்டு, 108ஐ அழையுங்கள் அல்லது அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. மாத்திரை அட்டையையோ புட்டியையோ மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாத்திரை குறைகிறது என்று எண்ணிச் சொல்வது எங்களுக்குப் பெரிய உதவி. கரி வாங்கும் பணத்தில் பாட்டியின் மாத்திரைகளுக்குப் பூட்டுள்ள ஒரு பெட்டி வாங்குங்கள்.

கோடம்பாக்கம்_இரவுப்பறவை எழுதியது:

மது அருந்திய மறுநாள் தலைவலிக்கு இரண்டு கரி மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

அடையாறு_மருந்தாளுநர் எழுதியது:

இல்லை. செவிலி அம்மா மேலே சொன்னதுபோல, கரி சாராயத்தைப் பிடிப்பதில்லை. மறுநாள் காலைக்குள் அது குடலிலிருந்து போயே போய்விட்டிருக்கும். தலைவலிக்கு என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, அதனுடனேயே கரியையும் விழுங்கினால் பாராசிட்டமாலையும் சேர்த்து இழப்பீர்கள். மது அருந்திய உடலுக்குப் பாராசிட்டமால் உகந்ததா என்பது வேறு கதை.

தாம்பரம்_மகன் எழுதியது:

கரி மாத்திரை சாப்பிடும் அனைவரும் அறிய வேண்டிய ஒன்று எங்கள் வீட்டில் நடந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி. வலி மாத்திரைகளை அவரே வாங்கிப் பல மாதங்களாகச் சாப்பிட்டு வந்தார். அதனால் வயிறு எரிந்தபோது, அதை வாயு என்று எண்ணிக்கொண்டு, கறுப்பு மாத்திரையைத் தொடங்கினார். மலம் கறுப்பாகப் போவதாகச் சொன்னார். கரி சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று இணையத்தில் படித்துவிட்டு நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன்.

ஐந்தாம் நாள் காலையில், மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். ரேகைகள் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தன. மருத்துவமனையில் ஹீமோகுளோபின் 6.8 என்றார்கள். வலி மாத்திரையால் இரைப்பையில் புண் ஏற்பட்டு இரத்தம் கசிந்திருக்கிறது. மூன்று யூனிட் இரத்தம் ஏற்றினார்கள். இப்போது நலமாக இருக்கிறார்.

அந்த மருத்துவர் சொன்ன வேறுபாட்டை எழுதுகிறேன். கரியால் கறுக்கும் மலம் கரித்தூள்போல இருக்கும்; வழக்கமான வாடைதான் வரும். இரத்தம் கலந்த மலம் தார்போல மினுங்கிக்கொண்டு ஒட்டும். தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது. நாற்றம் அறையைவிட்டு வெளியே வரும். அப்பா அன்று கழிவறையிலிருந்து வந்த பிறகு அம்மா ஊதுவத்தி ஏற்றியது எனக்குப் பின்னர்தான் நினைவுக்கு வந்தது. கரியை நிறுத்தி இரண்டு மூன்று நாள்களுக்குப் பிறகும் கறுப்பு மாறவில்லை என்றால் பரிசோதிக்க வேண்டும். தலைசுற்றல், மூச்சிரைப்பு, வெளிறல் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. வலி மாத்திரையோ, ஆஸ்பிரினோ, இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ சாப்பிடுபவர்கள் கரியைத் தொடங்கினால், ஓர் எச்சரிக்கை மணியைத் தாமே கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்று அவர் சொன்னார்.

பெரம்பூர்_பெரியவர் எழுதியது:

தம்பி, உங்கள் தந்தையாரின் கதையைப் படித்ததும் மனம் கனத்தது. நானும் மூட்டு வலிக்கு அவ்வப்போது மாத்திரை போடுபவன்தான். காங்கேயத்து நண்பரின் கிரவுண்டுக் கணக்கும் புரிந்தது. உமிக்கரி வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் மூல வினாவுக்கு இன்னும் விடை வரவில்லை. வாயுவுக்கு இது கேட்கிறதா, இல்லையா?

அடையாறு_மருந்தாளுநர் எழுதியது:

ஐயா, நேர்மையாகச் சொன்னால், சிலருக்குக் கேட்கலாம். சில ஆய்வுகளில் வாயு குறைந்தது. சிலவற்றில் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வேறுபாடே தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில், சாப்பிட்டபின் மிகுதியாக வாயு பிரிவதைக் குறைக்க உதவும் என்று குப்பியில் அச்சிட அனுமதி இருக்கிறது. அதற்கு வைத்த நிபந்தனையைக் கவனியுங்கள்: உணவுக்கு அரை மணி நேரமாவது முன்பு ஒரு கிராம், உணவுக்குப் பின் விரைவில் ஒரு கிராம். நம் கடையிலுள்ள கறுப்பு மாத்திரையில் இருக்கும் 75 மில்லிகிராமை அதோடு ஒப்பிட்டால், அந்த மாத்திரையால் யாருக்கேனும் நலம் தெரிகிறது என்றால், அது கரியால்தானா என்று ஐயுற இடமிருக்கிறது. குடல் ஈரமான இடம். வாயு வந்து சேர்வதற்குள் கரியின் துளைகளை உணவும் பித்தநீரும் அடைத்துவிடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், கரி இழையில் தைத்த உள்ளாடையை அணிவித்துச் சோதித்த ஆய்வில், நாற்றம் தரும் வாயுக்களை அது ஏறக்குறைய முழுவதும் பிடித்துவிட்டதாம். தி.நகர்க் கடைகளுக்கு அது இன்னும் வரவில்லை.

ஆக, வேறு மருந்து எதுவும் சாப்பிடாத, உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர், விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓரிரு நாள் சாப்பிடுவதைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஏனென்றால் இது மலத்தை இறுக்கும். ஏற்கெனவே மலச்சிக்கல் உள்ளவர்கள், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், குடல் அடைப்பு வந்தவர்கள் ஆகியோர் தவிர்க்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு இதைத் தேடி வருபவர்களிடம் நான் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைத்தான் எடுத்துக் கொடுப்பேன். உடல் இழந்த நீரையும் உப்பையும் கரியால் திருப்பித் தர முடியாது. வாரக்கணக்கில் உப்புசம் நீடிக்கிறது, எடை குறைகிறது, பசியில்லை, இரவில் வலி எழுப்புகிறது என்றால் கல்லாவுக்கு வராமல் மருத்துவரிடம் போங்கள்.

‘உடலின் நச்சுகளை நீக்கும்’ என்ற அச்சு வாசகத்தைப் பற்றியும் ஒரு சொல். கரி குடலைத் தாண்டி எங்கும் போவதில்லை. இரத்தத்தில் இருப்பதைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. ‘நச்சு’ என்று எழுதுபவர்கள் எந்த நச்சு என்று ஒருபோதும் எழுதுவதில்லை.

பெயர்_வேண்டாம் எழுதியது:

நான் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். சென்ற வாரம் நுங்கம்பாக்கத்தில் ஒரு சிற்றுண்டியகத்தில் கரி கலந்த கறுப்பு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். இந்த இழையைப் படித்ததும் கலக்கமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற_செவிலி எழுதியது:

மகளே, ஒரு குவளை ஐஸ்கிரீமில் நிறத்துக்காகச் சேர்ப்பது பெரும்பாலும் சிறிதளவே. ஆனால் எவ்வளவு சேர்த்தார்கள் என்று அட்டையில் எழுதுவதில்லை என்பதுதான் சிக்கல். நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2018இல் உணவில் கரி சேர்ப்பதை நிறுத்தச் சொன்னது. அமெரிக்க உணவு விதிகளில் அது உணவுச் சேர்பொருளாக அனுமதிக்கப்படவில்லை என்பதே அவர்கள் காட்டிய காரணம். நீங்கள் மாத்திரை சாப்பிட்டதற்கும் ஐஸ்கிரீமுக்கும் இடையே பல மணி நேரம் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இரவில் மாத்திரையும் மாலையில் ஐஸ்கிரீமுமாக ஒன்றையொன்று நெருங்கியிருந்தால், மாத்திரை தவறிய நாளுக்குரிய முன்னெச்சரிக்கையை மேற்கொள்ளுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். கரிக் காப்ஸ்யூலையே நாள்தோறும் சாப்பிடுவதாக இருந்தால் இவ்வளவு இலேசாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

மயிலை_வைதேகி எழுதியது:

ஏழு வாரங்களுக்குப் பிறகு வருகிறேன்; தாமதத்துக்கு மன்னிக்கவும்.

மருந்தாளுநர் ஐயா சொன்னபடி மறுநாளே மருத்துவரை அழைத்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அந்தக் குப்பியையும், வீட்டில் இருக்கும் மற்ற எல்லாக் குப்பிகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்’ என்றார். பையில் நான் எதிர்பாராத ஒன்று இருந்தது. எலும்புத் தேய்மானத்துக்காக எலும்பு மருத்துவர் எழுதிய கால்சியம் மாத்திரையையும் மாமியார் கிட்டத்தட்ட அதே மாதத்தில்தான் தொடங்கியிருக்கிறார். அதையும் மறக்காமலிருக்கத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே சாப்பிட்டிருக்கிறார். அதற்குப் பத்து நிமிடத்தில் டிகிரி காப்பி. கால்சியமும் தைராக்சினைத் தடுக்கும் என்றும், இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார்.

அளவை மீண்டும் 75க்கே கொண்டுவந்தார். கரியை நிறுத்தினோம். தைராய்டு மாத்திரை காலை ஐந்தரைக்கு, காப்பி ஆறரைக்கு, கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் என்று நாள்காட்டி அட்டையின் பின்புறத்தில் எழுதிச் சமையலறையில் ஒட்டியிருக்கிறேன். தைராக்சின் உடலில் மெதுவாகவே நிலைப்படும் என்பதால் ஆறு வாரங்கள் கழித்துத்தான் மறு பரிசோதனை எடுக்கச் சொன்னார். நேற்று முடிவு வந்தது, டிஎஸ்எச் 4.4.

பெரம்பூர் ஐயா கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். குற்றவாளி கரியா, கால்சியமா, காப்பியா என்பது எங்களுக்குத் தெரியாது. மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டோம். கரியை மீண்டும் தொடங்கிச் சோதித்துப் பார்க்கலாமா என்று என் கணவர் கேட்டார். மாமியார் அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அடங்கியது. உப்புசம் இப்போது பெரும்பாலும் இல்லை. இரவில் சுண்டலும் மொச்சையும் வேண்டாம் என்று அவரே நிறுத்திவிட்டார்.

மிச்சமிருந்த காப்ஸ்யூல்களைப் பிரித்து, தூளைச் சிறு கிண்ணத்தில் கொட்டிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கிறோம். பலாச்சுளை வாசனை குறைந்துவிட்டதாக மாமியார் சொல்கிறார். என் மூக்குக்கு வேறுபாடு எதுவும் தெரியவில்லை.